பூசைக் கவரில் எழுத வேண்டிய பெயர்

அம்மாவுக்குக் குழி வெட்டும்போது அப்பா வெளியே வந்தார்.

ஏற்காட்டில் எங்கள் கல்லறைத் தோட்டம் சின்னது. ஒரு குடும்பத்துக்கு ஒரு குழி; அடுத்தவர் போகும்போது அதையே திறப்பார்கள். அப்பாவை வைத்து 17 வருஷம் ஆகியிருந்தது. நாலடி போனதும் குழி வெட்டுகிற அண்ணன் மண்வெட்டியைக் கரையில் வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணைத் தடவ ஆரம்பித்தார். தொடை எலும்பு, தாடை, அப்புறம் பச்சை பிடித்த ஒரு பித்தளை பக்கிள். அப்பாவின் பெல்ட். எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் வைத்துச் சுற்றினார். "பயப்படாதீங்க தம்பி, அம்மா கால்மாட்டுலயே வெச்சிருவேன்" என்றார். சொன்னபடியே வைத்தார்.

கல்லறைத் தோட்டத்துக்குக் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் காப்பிச் செடிகள். அதிலொன்றின் வேர், பென்சில் கனத்தில், குழியின் பக்கவாட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் கத்தியால் வெட்டிப் போட்டார். அழ வேண்டிய நேரத்தில் நான் அந்த வேரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக அது எதைக் குடித்தது? அந்தச் செடியின் பழத்தைப் பறித்து, உலர்த்தி, வறுத்து, யாரோ டிகாஷன் போட்டுக் குடித்திருப்பார்களே?

இப்படி யோசிப்பது என் கோளாறு. ஆறு வருஷம் குருமடத்தில் சாமியாருக்குப் படித்தேன். மெய்யியல் முடித்து, இறையியலில் பாதியில் கிளம்பி வந்தேன். ஏன் வந்தேன் என்பது வேறு கதை. இப்போது சேலம் சிவதாபுரத்தில் சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மாமனார் வழி வந்த தொழில். லத்தீன் பெரும்பாலும் போய்விட்டது. வெள்ளி உருக்கும் மூசையில் எவ்வளவு வெண்காரம் போட வேண்டும் என்பது கைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் குழியோரத்தில் பழைய பாடமெல்லாம் ஒன்றொன்றாக எழுந்து வந்தது.

முதலில் வந்தவர் ஆதித் திருச்சபையின் ஆயர் புனித அகுஸ்தினார். 'கடவுளின் நகரம்' கடைசிப் புத்தகத்தில், 22-ஆம் புத்தகத்தில், அவர் இதே மாதிரி ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார். பஞ்சத்தில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் சதையைத் தின்றுவிடுகிறான். இறந்தவர்கள் உடலோடு எழும் உயிர்ப்பு நாளில் அந்தச் சதை யாருக்குச் சேரும்? யாரிடம் முதலில் மனித சதையாக இருந்ததோ அவருக்கே, தின்றவன் கடன் வாங்கியவன் மாதிரி, திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்கிறார். வகுப்பில் நாங்கள் சிரித்தோம். குழியோரத்தில் சிரிப்பு வரவில்லை. அந்தக் காப்பிச் செடி எங்கள் குடும்பத்துக்குக் கடன்பட்டிருக்கிறது என்று தோன்றியது.

அம்மா சாவதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே மறக்கத் தொடங்கிவிட்டார். முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். அப்புறம் வீட்டு வழி. கடைசி இரண்டு வருஷம் என்னையே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் எழுந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு, "வாங்க, உக்காருங்க. எந்த ஊருங்க நீங்க?" என்பார். என்னை வாழ்நாளில் 'நீங்க' என்று அவர் கூப்பிட்டதே இல்லை. அந்த மரியாதைதான் என்னை உடைத்தது. டாக்டர் ஸ்கேனைத் தூக்கிக் காட்டி, மூளை சுருங்கியிருக்கிறது, இந்தக் கறுப்பு இடமெல்லாம் வெற்றிடம் என்றார்.

ஆனால் கை மறக்கவில்லை. எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் காப்பிக்கொட்டை பொறுக்கின கை. கறுப்புக் கொட்டை, உடைந்த கொட்டை, பூச்சி ஓட்டை விழுந்த கொட்டை, எல்லாம் தனித்தனி. அக்கா ஒரு நாள் முறத்தில் துவரம்பருப்பைக் கொட்டி மடியில் வைத்தாள். அம்மா எங்களைப் பார்க்கவே இல்லை. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கோழி கொத்துவதுபோலப் போய்ப் போய் வந்தன. சொத்தைப் பருப்பு இடது பக்கம், கல் முறத்தின் விளிம்பில். அரை மணி நேரத்தில் இரண்டு கிலோ சுத்தமாகிவிட்டது. முடிந்ததும் முறத்தை ஒரு தட்டுத் தட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த மூட்டைக்குக் காத்திருக்கிறவர் மாதிரி வாசலைப் பார்த்தார்.

இன்னொன்றும் மறக்கவில்லை. பழைய விசுவாசப் பிரமாணம். இப்போது கோயிலில் 'உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்' என்கிறோம். அம்மாவுக்கு அது ஏறவே இல்லை. சின்னப் பிள்ளையில் படித்த 'சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்' தான் வந்தது, தடங்கல் இல்லாமல், மகன் பெயர் தெரியாத வாயிலிருந்து.

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி நினைவு வந்தவர் பொகீமியாவின் எலிசபெத். நாடிழந்த அரச குடும்பத்துப் பெண், நெதர்லாந்தில் அடைக்கலம். 1643-இல், 24 வயதில், பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட்டுக்குக் கடிதம் எழுதுகிறார். 1641-இல் வந்த தன் 'தியானங்கள்' நூலில் டெக்கார்ட் மனிதனை இரண்டாகப் பிரித்திருந்தார்: சிந்திக்கிற, இடமே அடைக்காத ஆன்மா ஒன்று, இடம் அடைக்கிற, சிந்திக்காத உடல் இன்னொன்று. எலிசபெத்தின் கேள்வி: இடமே அடைக்காத ஒன்று எப்படி உடலைத் தள்ளி நகர்த்தும்? இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. எனக்கு முக்கியம் அடுத்த கடிதத்தில் அவர் கேட்பது. ஆன்மாவுக்கும் உடலுக்கும் ஒட்டே இல்லை என்றால், நன்றாகச் சிந்தித்துப் பழகிய ஓர் ஆன்மா, உடம்புக்குள் கிளம்பும் ஏதோ ஒரு ஆவியால் அந்தத் திறனையெல்லாம் இழப்பது எப்படி? அந்தக் காலத்து மருத்துவத்தில் தலைக்கேறும் ஆவி என்பார்கள். இன்றைக்கு டாக்டர் ஸ்கேனில் காட்டிய கறுப்பு இடம்.

டெக்கார்ட் சுற்றி வளைத்துத்தான் பதில் சொன்னார். ஆன்மாவும் உடலும் ஒன்றியிருப்பது அன்றாட வாழ்க்கையிலும் பேச்சிலும்தான் விளங்கும், இந்த மாதிரி சூட்சும விசாரணைக்கு வருஷத்தில் சில மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்றார். தப்பித்துக்கொள்கிறார் என்றுதான் அப்போது பரீட்சையில் எழுதினேன். அம்மாவின் விரலைப் பார்த்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடக்கப் பூசையில் பிரசங்கம் செய்த சாமியார், உடல் வெறும் சட்டை, அம்மா அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார் என்றார். வந்திருந்த இந்துக்களும் தலையாட்டினார்கள். நம் ஊரில் அது யாருக்கும் புரியும். முட்டை தனியே கிடக்கப் பறவை பறந்துபோவதுபோலத்தான் உடம்புக்கும் உயிருக்கும் உள்ள நட்பு என்று வள்ளுவரே (338) சொல்லியிருக்கிறார். நச்சுக் கோப்பையைக் கையில் வாங்கிய சாக்ரடீஸும் அப்படித்தான் நிம்மதியாகக் குடித்தார். ஆனால் 1955-இல் ஹார்வர்டில் பேசிய விவிலிய அறிஞர் ஆஸ்கர் குல்மன், சாக்ரடீஸின் சாவையும் இயேசுவின் சாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அங்கே அமைதி. இங்கே கெத்சமனித் தோட்டத்தில் நடுக்கம், கதறல். சாவு ஆன்மாவுக்கு விடுதலை என்றால் இயேசு ஏன் அப்படிக் கலங்க வேண்டும்? புதிய ஏற்பாடு எதிர்பார்ப்பது இறந்தோரின் உயிர்ப்பை. ஆன்மா அழியாது என்பது கிரேக்கர் கொடுத்தது என்று குல்மன் வாதித்தார். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டார். கொஞ்சம் மிகைதான், ஆதித் திருச்சபையில் இரண்டும் கலந்துதான் கிடக்கிறது. ஆனால் சட்டைப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோது நான் குல்மன் கட்சி. பருப்பு பொறுக்கினது சட்டையா?

இந்த இடத்தில் எனக்குத் துணைக்கு வந்தவர், எதிர்பாராத விதமாக, தாமஸ் அக்வினாஸ். குருமடத்தில் அவரைப் பிடிக்கவே பிடிக்காது. கேள்வி, எதிர்க்கேள்வி, பதில் என்று சோளம் உதிர்ப்பது மாதிரி எழுதுவார். விவிலியத்தில் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்துக்கு, உயிர்ப்பைப் பற்றிய அதிகாரத்துக்கு, விளக்கம் எழுதும்போது ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: 'அனிமா மேயா நோன் எஸ்ட் ஏகோ.' என் ஆன்மா நான் இல்லை. ஆன்மா மட்டும் கரையேறினால் நான் கரையேறியதாக ஆகாது, எந்த மனிதனும் ஆகமாட்டான் என்று அதை ஒட்டியே சொல்கிறார். 13-ஆம் நூற்றாண்டுத் துறவி, அரிஸ்டாட்டிலைப் படித்தவர். ஆன்மா உடலுக்குள் குடியிருக்கும் வாடகைக்காரர் இல்லை, இந்தச் சதையை இந்த உயிருள்ள உடலாக ஆக்கி வைத்திருக்கும் வடிவம் என்பது அவர் கட்சி. மூளையில் அடிபட்டால் முன்பே தெரிந்த விஷயத்தைக்கூட யோசிக்க முடியாமல் போகிறது என்பதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். எலிசபெத் கேட்ட கேள்வி அவரை மடக்கியிருக்காது. உடம்பார் அழிந்தால் உயிராரும் அழிவர் என்ற நம் திருமூலர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கலாம். இரண்டு பேரும் ஒத்துப்போயிருக்க மாட்டார்கள், ஆனால் பேச்சு நன்றாக இருந்திருக்கும்.

சரி, வடிவம் என்றால் என்ன? பட்டறைக்கு வருகிறேன்.

போன ஆடியில் ஆத்தூரிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். மாமியார் போட்டிருந்த பழைய கொலுசு, ஜோடி 300 கிராமுக்கு மேல், பூ வேலைப்பாடு, நடுவில் இரண்டு கண்ணி தேய்ந்து எங்களைப் போல யாரோ மாற்றிப் போட்டிருந்தார்கள். அதை உருக்கிப் பேத்திகள் இரண்டு பேருக்கும் கொலுசு செய்ய வேண்டும். "வேற வெள்ளி கலந்துராதீங்க. உருக்குற வரைக்கும் இங்கயே நிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க" என்றார்கள். கோபமென்ன, ஸ்டூல் போட்டேன்.

வெள்ளி 962 டிகிரியில் உருகும். உருகும் விதம்தான் பார்க்க வேண்டியது. முதலில் அழுக்கும் எண்ணெயும் புகைந்து போகும். கொலுசு மூசைக்குள் சிவந்து சிவந்து அப்படியே கிடக்கும், ஒன்றுமே நடக்காத மாதிரி. பூவின் இதழ்கூட எண்ணலாம். பிறகு பற்று வைத்த இடம் முதலில் நழுவும், கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று சாயும், கண்ணை மூடித் திறப்பதற்குள் பூ, கண்ணி, கொக்கி எல்லாம் போய் ஒரே கண்ணாடி. அதில் நம் முகம் தெரியும். ஆத்தூர் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அகுஸ்தினார் இதைத்தான் உவமையாகச் சொன்னார். வேறொரு சின்ன நூலில், 420-ஐ ஒட்டி எழுதியது: உலோகச் சிலையை உருக்கிவிட்டு அதே உலோகத்தால் திரும்ப வார்த்தால், எந்தத் துளி எந்த உறுப்புக்குப் போனது என்பது முக்கியமில்லை, மொத்தமும் திரும்பி வந்தால் போதும். கடவுள் நம் உடலை அப்படித் திரும்ப வார்ப்பார் என்றார்.

எங்கள் பட்டறையில் கம்பி இழுக்கிற பெரியவரிடம் இதைக் கேட்டேன். அதே வெள்ளி, அதே டிசைன், அதே எடை, உருக்கித் திரும்பச் செய்தால் அதே கொலுசுதானே? அவர் நிமிரவேயில்லை. "கூலி ரெண்டு தடவ வாங்குவீங்கல்ல? அப்ப ரெண்டு கொலுசுதான்."

இதையேதான், கொஞ்சம் நீட்டி, பீட்டர் வான் இன்வாகன் 1978-இல் எழுதினார். அமெரிக்க மெய்யியலாளர், கிறிஸ்தவர், ஆனால் தனியாக ஆன்மா என்று ஒன்று இருப்பதாக நம்பாதவர். அவர் கதை: ஒரு மடத்தில் அகுஸ்தினார் தன் கையால் எழுதிய ஏடு இருக்கிறது என்கிறார்கள். அது 457-இல் எரிந்துபோனது, ஆனால் 458-இல் கடவுள் அதைப் புதிதாகப் படைத்துக் கொடுத்தார் என்கிறார்கள். அப்படியானால் அது அகுஸ்தினாரின் கைபட்ட ஏடே இல்லையே, அச்சு அசலான நகல்தானே? எரிந்துபோன ஏட்டைக் கடவுளாலும் மீட்க முடியாது என்கிறார். அப்புறம் உயிர்ப்பு எப்படி? சாகும் நேரத்தில் கடவுள் உண்மையான உடலை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, ஒரு போலியை நம்மிடம் விட்டுவிடலாம். அந்தப் போலியைத்தான் நாம் புதைக்கிறோம், எரிக்கிறோம். இப்படித்தான் நடக்கிறது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. உயிர்ப்பு நடக்க முடியாத காரியமில்லை என்று காட்ட இது ஒரு வழி, அவ்வளவுதான். தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் வெள்ளைத் துணியில் கிடந்த அப்பாவின் தாடை போலி, பெல்ட் பக்கிள் மட்டும் அசல் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு முடியவில்லை.

அக்வினாஸ் பக்கம் நின்றால் பட்டறைப் பெரியவர் சொன்னதற்கு ஒரு பதில் உண்டு. கொலுசு உருகும்போது அதன் வடிவமும் அங்கேயே தீர்ந்துபோகிறது. மனித ஆன்மா அப்படித் தீராது, உடல் போன பிறகும் ஒரு மாதிரி நொண்டிக்கொண்டு நிற்கும், அதே வடிவம் திரும்ப ஒரு சதையைப் பற்றும்போது அது அதே ஆள் என்பார். உயிரோடு இருக்கும்போதே சாப்பாடும் வேர்வையுமாக நம் சதை மாறிக்கொண்டே தானே இருக்கிறது, தேய்ந்த கண்ணி மாற்றின கொலுசு மாதிரி. அப்படிப் பார்த்தால் காப்பிச் செடியின் கடனைத் தள்ளுபடி செய்துவிடலாம். ஆனால் நடுவில் நொண்டிக்கொண்டு நிற்பது யார்? அது அம்மா இல்லை, அம்மாவின் ஆன்மா மட்டும்தான் என்று ஒரு கட்சி. இல்லை, அம்மாதான், பாதி அம்மா என்று இன்னொரு கட்சி. அக்வினாஸின் சீடர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள்.

எழுந்து வருகிறவர் எந்த அம்மா என்பதிலும் எனக்கு வழக்கு இருக்கிறது. எல்லாரும் ஏறக்குறைய முப்பது வயது வளர்ச்சியில் எழுவோம், கிறிஸ்துவின் வயது அதுதான் என்று அகுஸ்தினார் நினைத்தார். நான் பிறக்கும்போது அம்மாவுக்கு 32. முப்பது வயசு அம்மாவுக்கும் என்னைத் தெரியாது. உடல் வளர்ச்சியைத்தான் அவர் சொல்கிறார், நினைவை இல்லை, தெரியும். இருந்தாலும் "எந்த ஊருங்க நீங்க" என்று அங்கேயும் கேட்டால் என்ன செய்வது என்று ராத்திரியில் சில நேரம் தோன்றும்.

இந்த வருஷம் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு, அக்காவும் நானும் காலை பஸ்ஸில் ஏறினோம். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு. அக்காவுக்கு ஆறாவது வளைவிலேயே எலுமிச்சம்பழம் வேண்டும். அவள் வீட்டில் எரிப்பதா புதைப்பதா என்று பேச்சு ஓடுகிறது, நகரத்தில் இடமில்லை. 1963-லேயே ரோம் அனுமதித்துவிட்டது, சாம்பலைத் தூவாமல் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று மட்டும் 2016-இல் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். "அதெல்லாம் சரி, நான் அம்மாகூடத்தான்" என்றாள். குழி இனித் தாங்குமா என்று கேட்கவில்லை.

கோயில் வாசலில் மேஜை போட்டுப் பூசைக் கவர் கொடுத்தார்கள்; இறந்தவர் பெயரை எழுதிக் காணிக்கையோடு கொடுத்தால் அவருக்காகப் பூசை வைப்பார்கள். '............ அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று அச்சடித்திருந்தது. பேனாவை எடுத்தவன் அப்படியே நின்றேன். அக்வினாஸிடமே இந்தச் சிக்கலுக்கும் ஒரு பத்தி இருக்கிறது. பேதுருவின் ஆன்மா பேதுரு இல்லையென்றால், 'புனித பேதுருவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்பது எப்படிச் சரி, 'பேதுருவின் ஆன்மாவே' என்றல்லவா கூப்பிட வேண்டும் என்று அவரே ஆட்சேபம் கிளப்புகிறார். பதிலும் சொல்கிறார்: இங்கே நாம் அறிந்திருந்த பெயரைச் சொல்லித்தான் அவர்களைக் கூப்பிடுகிறோம், தவிர, அப்படி முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவது உயிர்ப்பின்மேல் நமக்குள்ள விசுவாசத்தைக் காட்டுகிறது.

'ஆன்ம' என்ற சொல்லை மெதுவாக ஒரு கோடு அடித்துவிட்டு அம்மா பெயரை எழுதினேன். பக்கத்திலேயே அப்பா பெயரையும் எழுதப் போனேன். மேஜையில் இருந்த பெண் தடுத்தாள்.

"அண்ணா, ரெண்டு பேருன்னா ரெண்டு கவருங்க."

"ஒரே குழிதாம்மா."

"குழி ஒண்ணா இருக்கலாம். கவரு ரெண்டு."

வாங்கினேன். அக்கா சிரித்தாள்.

கல்லறையில் சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, காற்றுக்கு அட்டையை வளைத்து மறைப்பு வைத்தோம். மந்திரிக்க வந்த ஃபாதருக்கு அவசரம். இன்னும் நாற்பது கல்லறையாவது பாக்கி. தீர்த்தத்தை வீசிய வீச்சில் பாதி எங்கள் சிலுவையைத் தாண்டி, வேலிக்கு அந்தப் பக்கம் பழுக்கத் தொடங்கியிருந்த காப்பிச் செடியின் மேல் விழுந்தது.

"அதுக்கும் பங்கு போச்சு பாரு" என்றாள் அக்கா.